13,000 ஆய்விதழ்கள் கைக்கெட்டும் தூரத்தில்... ஆனா தேடத் தெரியுமா? கல்லூரிப் புதுமுகங்களுக்கு நூலகத் திறன் ஏன் அவசியம்: கொல்கத்தாவை முன்வைத்து ஒரு விளக்கம்

மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரி 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. 30 சர்வதேசப் பதிப்பகங்கள் வெளியிடும் சுமார் 13,000 ஆய்விதழ்களை, மத்திய, மாநில அரசுகளின் கீழ் இயங்கும் 6,300-க்கும் மேற்பட்ட உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களில் இருப்பவர்கள் இலவசமாகப் படிக்கலாம். 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு ஒதுக்கப்பட்ட தொகை 6,000 கோடி ரூபாய். சுமார் 1.8 கோடி மாணவர்கள், ஆசிரியர்கள், ஆய்வாளர்கள் பலன் பெறுவார்கள் என்பது அரசு சொன்ன கணக்கு.

கதவு திறந்தாச்சு, சரி. ஆனால் உள்ளே போய் எதை, எங்கே, எந்த வார்த்தையில் தேடணும்? கிடைத்ததை எப்படி நம்புறது? இதைப் புதுசா கல்லூரிக்கு வரும் 18 வயசுப் பிள்ளைக்கு யார் சொல்லித் தர்றாங்க? பெரும்பாலான இடங்களில் முதல் வாரத்தில் அரை மணி நேரம் நூலகத்தைச் சுற்றிக் காட்டுவதோடு வேலை முடிந்துவிடுகிறது.

இது ஏன் இப்போ முக்கியம்?

பட்டப்படிப்பின் வடிவமே மாறியிருக்கிறது. யுஜிசி 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்டக் கட்டமைப்பின்படி, முதல் ஆறு செமஸ்டர்களில் 75 சதவீதமோ அதற்கு மேலோ எடுத்த மாணவர்கள் நான்காம் ஆண்டில் 'ஆய்வுடன் கூடிய ஆனர்ஸ்' பட்டத்தைத் தேர்வு செய்யலாம். அதற்கு ஓர் ஆய்வுத்திட்டம் அல்லது ஆய்வேடு கட்டாயம்.

மேற்கு வங்கம் 2023-24 கல்வியாண்டில் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்புக்கு மாறியது. அந்த ஆண்டு சேர்ந்தவர்களுக்கு நான்காம் ஆண்டு 2026-27-ல் வருகிறது. முன்பு முதுகலையிலோ பிஎச்டியிலோ எதிர்கொண்ட வேலையை, இனி 21 வயதில் செய்ய வேண்டும். தமிழ்நாடு இந்த வழிக்கு வராமல் மூன்றாண்டுப் பட்டத்தையே தொடர்கிறது. ஆனாலும் இறுதியாண்டு புராஜெக்ட், முதுகலை ஆய்வேடு எல்லாம் இங்கேயும் உண்டு.

இதில் ஒரு முரண் இருக்கிறது. பிஎச்டி மாணவர்களுக்கு 'ஆராய்ச்சி மற்றும் பதிப்பு நெறிமுறைகள்' என்ற 2 கிரெடிட், 30 மணி நேரப் பாடத்தை யுஜிசி 2019-லேயே கொண்டுவந்துவிட்டது. தரவுத்தளங்களில் தேடுவது, போலி ஆய்விதழ்களை அடையாளம் காண்பது எல்லாம் அதில் வருகிறது. அதே திறன் தேவைப்படும் இளங்கலை மாணவருக்கு அப்படி ஒரு கட்டாயப் பாடம் கிடையாது. 2019-ல் யுஜிசி கொண்டுவந்த 'தீக்ஷாரம்ப்' என்ற அறிமுகப் பயிற்சித் திட்டம் இருக்கிறது. ஆனால் அதில் நூலகத்துக்கு எவ்வளவு நேரம் தருவது என்பது அந்தந்தக் கல்லூரியின் விருப்பம்.

பள்ளியில் நல்ல நூலகம் இருந்தவர்கள், வீட்டில் படித்தவர்கள் இருப்பவர்கள் எப்படியோ கற்றுக்கொள்வார்கள். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருபவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. 6,000 கோடி ரூபாய்ச் சந்தாவின் பலன் யாருக்குப் போய்ச் சேரும் என்பதையே இந்தச் சின்னத் திறன்தான் தீர்மானிக்கப் போகிறது.

ஏன் கொல்கத்தா?

இந்தியாவின் நூலக வரலாற்றைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. 1784-ல் வில்லியம் ஜோன்ஸ் ஏசியாட்டிக் சொசைட்டியைத் தொடங்கியது இங்கேதான். 1836-ல் கல்கத்தா பொது நூலகம் வந்தது. அதையும் அரசு அலுவலகங்களின் நூலகங்களை ஒன்றுசேர்த்து 1891-ல் உருவான இம்பீரியல் நூலகத்தையும் கர்சன் பிரபு இணைத்து, 1903 ஜனவரி 30-ல் மெட்காஃப் ஹாலில் மக்களுக்குத் திறந்துவைத்தார். சுதந்திரத்துக்குப் பிறகு, 1948-ல், அது தேசிய நூலகம் ஆனது. 1953 பிப்ரவரி 1-ஆம் தேதி, அலிப்பூர் பெல்வடேர் மாளிகையில் மௌலானா அபுல் கலாம் ஆசாத் அதைத் திறந்துவைத்தார். சுதந்திர இந்தியாவில் அதன் முதல் நூலகராக இருந்த பி.எஸ்.கேசவன், சென்னை மயிலாப்பூரில் பிறந்தவர்.

தமிழர்களுக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. 1954-ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, இந்தியாவில் எந்த மொழியில் புத்தகம் வெளியானாலும் ஒரு பிரதியை 30 நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கு அனுப்ப வேண்டும். சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி. எல்லாப் பதிப்பாளர்களும் ஒழுங்காக அனுப்புவதில்லை என்பது வேறு கதை. ஆனால் திருநெல்வேலியில் அச்சான ஒரு நாவல் அலிப்பூரில் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக இருந்த எஸ்.வையாபுரிப் பிள்ளையின் சொந்த நூல்தொகுப்பு, கையெழுத்துப் பிரதிகள் உட்பட, இந்தத் தேசிய நூலகத்தில்தான் இருக்கிறது. தமிழ் இலக்கிய வரலாற்றில் ஆய்வு செய்யும் மதுரை மாணவர் ஒருவர், தனக்கு வேண்டியது கொல்கத்தாவில் இருக்கும் என்று எப்படி ஊகிப்பார்? தேடத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஒரு பொருள் எந்த மாதிரி இடத்தில் இருக்கும் என்று முதலில் யோசிப்பதே தேடலின் பாதி.

நூலகத்துக்குப் போகவே பயமா இருக்கே?

இது உங்களுக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவைச் சேர்ந்த கான்ஸ்டன்ஸ் மெலன் 1986-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். இரண்டு ஆண்டுகளில் 6,000 மாணவர்கள் தங்கள் தேடல் அனுபவத்தைப் பற்றி எழுதியதை வைத்து அவர் கண்டது: 75 முதல் 85 சதவீதம் பேர் நூலகத்தைப் பற்றிய தங்கள் முதல் உணர்வைப் பயம் என்றே விவரித்திருந்தார்கள். 'மத்தவங்களுக்கு எல்லாம் தெரியுது, எனக்குத்தான் தெரியல' என்ற எண்ணம், அதைக் கேட்டால் கேவலமாகிவிடும் என்ற கூச்சம். இதற்கு 'நூலகப் பயம்' என்றே ஒரு பெயர் நிலைத்துவிட்டது.

இதற்கு மருந்து, கேள்வி கேட்பதை இயல்பாக்குவதுதான். பல்கலைக்கழக நூலகத்தில் உதவி மேசையில் இருப்பவரின் வேலையே உங்களுக்குத் தேட உதவுவது. "சார், டிராம் பத்தி ஒரு புராஜெக்ட், எங்க ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டால் போதும்.

கூகுள் பண்ணா போதாதா?

ஆரம்பிக்கப் போதும். முடிக்கப் போதாது. காரணங்கள் மூன்று.

ஒன்று, பணம் கட்டிப் படிக்கும் ஆய்விதழ்களின் முழுக் கட்டுரையை கூகுள் காட்டாது. தலைப்பும் சுருக்கமும்தான் வரும். முழுசா படிக்க உங்கள் கல்லூரியின் சந்தா வழியாகப் போகணும்.

இரண்டு, ஸ்கேன் செய்யாத, செய்தாலும் எழுத்தாக மாற்றாத பழைய நூல்கள், செய்தித்தாள்கள், அரசு ஆவணங்கள் தேடலில் வராது. இந்திய மொழிகளில் இந்தக் குறை இன்னும் அதிகம்.

மூன்று, கூகுள் வரிசைப்படுத்துவது உங்கள் ஆய்வுக்கு எது முக்கியம் என்பதை வைத்து அல்ல. விளம்பரமும், பிரபலமும், எஸ்இஓ வேலையும் மேலே வந்து உட்காரும்.

ஒரு உதாரணம்: கொல்கத்தா டிராம் எப்போ ஓட ஆரம்பிச்சது?

சுலபமான கேள்வி மாதிரி இருக்கும். தேடிப் பாருங்கள். ஒரு பக்கம் 1873 என்கும், இன்னொன்று 1880 என்கும், மற்றொன்று 1902 என்கும். யார் பொய் சொல்றாங்க?

யாருமே இல்லை. 1873 பிப்ரவரி 24-ல் சியால்தாவிலிருந்து ஆர்மீனியன் காட் வரை குதிரை இழுக்கும் டிராம் ஓடியது. ஆனால் அதே ஆண்டு நவம்பரில் நின்றுபோனது. 1880-ல் கல்கத்தா டிராம்வேஸ் கம்பெனி அமைந்து, மறுபடியும் குதிரை டிராம் ஓடத் தொடங்கியது. 1902-ல் மின்சார டிராம் வந்தது. ஒவ்வொரு தேதியும் வேறொரு கேள்விக்கான சரியான பதில். 'ஆரம்பம்' என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள் என்று முடிவு செய்யாமல் தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். கேள்வியைக் கூர்மையாக்குவதுதான் முதல் திறன்.

இதையே ஆய்வுக் கேள்வியாக மாற்றுவோம். 2024 செப்டம்பரில் மேற்கு வங்கப் போக்குவரத்து அமைச்சர், மைதான்-எஸ்பிளனேடு பாதை தவிர மற்ற டிராம்களை நிறுத்தப் போவதாக அறிவித்தார். 'கொல்கத்தா டிராம்' என்பது தலைப்பு மட்டுமே. 'கொல்கத்தாவில் டிராம் பாதைகள் ஏன் சுருங்கின?' என்பது கேள்வி. 'சாலை நெரிசலுக்கு டிராம்தான் காரணம் என்ற வாதத்துக்கு என்ன ஆதாரம் இருக்கிறது?' என்பது இன்னும் கூர்மையான கேள்வி. கடைசிக் கேள்விக்குத்தான் பத்து வாரத்தில் பதில் தேட முடியும்.

அடுத்து, தேடும் சொற்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

- ஊர்ப் பெயர் மாறியிருக்கும். நகரத்தின் ஆங்கிலப் பெயர் 2001 ஜனவரியில்தான் 'கல்கத்தா'விலிருந்து 'கொல்கத்தா' ஆனது. அதற்கு முந்தைய நூல்கள், ஆவணங்கள், வழக்குகள் எல்லாம் 'கல்கத்தா' என்றே இருக்கும். புதுப் பெயரை மட்டும் போட்டால் 150 ஆண்டு வரலாறு கண்ணில் படாது. மெட்ராஸ்-சென்னைக்கும் இதே கதைதான். அங்கே எல்லைக்கோடு 1996.
- துறைக்கு ஏற்ப சொல் மாறும். டிராம், டிராம்வே, ஸ்ட்ரீட்கார், லைட் ரயில்: நான்கையும் போட்டுப் பார்க்கணும்.
- நிறுவனப் பெயரும் நிகழ்வின் பெயரும் நல்ல சாவி. 'கல்கத்தா டிராம்வேஸ் கம்பெனி' என்று தேடினால் நிர்வாகப் பதிவுகள் வரும். '1953 டிராம் கட்டண எதிர்ப்பு' என்று தேடினால், ஒரு பைசா கட்டண உயர்வை எதிர்த்து நகரமே கொதித்த அந்த ஜூலை மாதப் போராட்டம் பற்றிய ஆய்வுகள் வரும்.
- தமிழ்ப் பெயர்களுக்கு ஆங்கில எழுத்துக்கூட்டு பல விதம். வையாபுரிப் பிள்ளை என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதலாம். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு தேடுங்கள்.

கூடவே மூன்று சின்ன உத்திகள். சொற்றொடரை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டால் அப்படியே உள்ள பக்கங்கள் மட்டும் வரும். ஆங்கிலத்தில் 'சைட்' என்று அடித்து முக்காற்புள்ளி வைத்து ஒரு தளத்தின் முகவரியைக் கொடுத்தால் அந்தத் தளத்துக்குள் மட்டும் தேடும். அரசு இணையதளங்களில் புதைந்து கிடக்கும் அறிக்கைகளை எடுக்க இது ரொம்ப உதவும். வேண்டாத சொல்லுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டால் அந்தச் சொல் உள்ள முடிவுகள் விலகிவிடும்.

அலமாரி எண்ணுக்கு என்ன அர்த்தம்?

நூலகத்தின் ஆன்லைன் பட்டியலை 'ஓபேக்' என்பார்கள். அதில் தேடினால் புத்தகத்தோடு ஓர் எண் வரும். அதுதான் அழைப்பெண். உலகின் பல நூலகங்கள் பயன்படுத்தும் டூயி முறையில், தமிழ் இலக்கியம் என்றால் 894.811. டிராம் போன்ற நகர ரயில் போக்குவரத்து 388.46. ஒரே பொருள் பற்றிய நூல்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் என்பதுதான் இந்த எண்ணின் மொத்த ரகசியம். ஒரு நல்ல புத்தகம் கிடைத்தால் அதன் இடப்பக்கமும் வலப்பக்கமும் பத்து புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள். எந்தத் தேடுபொறியும் காட்டாத ஒன்று கிடைக்கலாம்.

ஆனால் இது அலமாரிக்குள் நடக்க விடும் நூலகங்களுக்கு மட்டும். கொல்கத்தா தேசிய நூலகம் மாதிரியான இடங்களில் வாசகர் அலமாரிக்குப் போக முடியாது. சீட்டு எழுதிக் கொடுத்தால் ஊழியர் எடுத்து வருவார். 18 வயது நிரம்பியவர்கள் வாசகர் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே போகும் முன் வீட்டிலேயே பட்டியலைத் தேடி, தலைப்பு, ஆசிரியர், அழைப்பெண் எல்லாம் குறித்துக்கொண்டு போனால் அரை நாள் மிச்சம்.

வாசகரின் நேரத்தைப் பற்றி நூலகத்துறைக்கே யோசிக்கக் கற்றுக்கொடுத்தவர் நம்ம ஊர்க்காரர்தான். சீர்காழியில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துவந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். 1931-ல் அவர் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பதைப் பற்றியது. லண்டன் கடை ஒன்றில் மெக்கானோ என்ற பொம்மைத் துண்டுகளைப் பார்த்து, அதே மாதிரி பொருள்களையும் பகுதி பகுதியாகப் பிரித்து இணைக்கலாமே என்று யோசித்து அவர் உருவாக்கியது 1933-ல் வெளியான கோலன் பகுப்பு முறை. இன்று ஷாப்பிங் ஆப்பில் விலை, நிறம், அளவு என்று தனித்தனியாக வடிகட்டுகிறோமே, அந்தச் சிந்தனைக்கு முன்னோடி அது.

ஆன்லைனில் எங்கே தேடலாம்?

எல்லாவற்றையும் பட்டியல் போட்டால் தலை சுத்தும். புதுசா வருபவருக்கு இவை போதும்.

- கூகுள் ஸ்காலர்: ஆய்வுக் கட்டுரைகளுக்கு முதல் படி. ஒரு கட்டுரைக்குக் கீழே 'மேற்கோள் காட்டியவை' என்ற இணைப்பு இருக்கும். பழைய நல்ல கட்டுரை ஒன்றைப் பிடித்து அதை அழுத்தினால், அதற்குப் பின் அதே விஷயத்தில் வந்தவை வரிசையாக வரும்.
- ஷோத்கங்கா: காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் நடத்தும் பிஎச்டி ஆய்வேட்டுக் களஞ்சியம். 5 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்திய ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் தலைப்புக்கு நெருக்கமான ஒரு ஆய்வேட்டைக் கண்டுபிடித்து, அதன் இரண்டாம் அத்தியாயத்தையும் கடைசி நூற்பட்டியலையும் படியுங்கள். பாதி வழி தெரிந்துவிடும்.
- இந்திய தேசிய டிஜிட்டல் நூலகம்: ஐஐடி கரக்பூர் உருவாக்கியது. 2018 ஜூன் 19-ல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பாடநூல் முதல் ஆய்வு நூல் வரை பல களஞ்சியங்களை ஒரே இடத்தில் தேடலாம்.
- ஒரே நாடு ஒரே சந்தா: உங்கள் கல்லூரி இதில் பதிவு செய்திருக்கிறதா, வீட்டிலிருந்து நுழைய என்ன லாகின் என்று நூலகரிடம் கேளுங்கள். தனியார் கல்லூரிகள் முதல் கட்டத்தில் இதில் இல்லை.
- தமிழுக்கு: தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், இலங்கைத் தமிழ் ஆவணங்களுக்கு நூலகம் நிறுவனம், சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், மதுரைத் திட்டம்.

கொல்கத்தாவிலேயே ஓர் அழகான முன்மாதிரி உண்டு. ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் பண்பாட்டுப் பிரதிகள் மற்றும் ஆவணங்கள் பள்ளி உருவாக்கி, 2013-ல் வெளியான 'பிசித்ரா' தளம். தாகூரின் கையெழுத்துப் பிரதிகளையும் அச்சுப் பதிப்புகளையும் பக்கம் பக்கமாக ஏற்றி, ஒரே படைப்பின் பல வடிவங்களை ஒப்பிட்டுப் பார்க்க வசதி செய்திருக்கிறார்கள். 'இந்த எழுத்தாளர் இப்படிச் சொன்னார்' என்று எழுதும் முன், எந்தப் பதிப்பில், எந்த ஆண்டில் என்று கேட்கப் பழக்குவதற்கு இதைவிட நல்ல கருவி இல்லை.

கிடைச்சதை நம்பலாமா?

2017-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 45 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். 10 வரலாற்றுப் பேராசிரியர்கள், 10 தொழில்முறை உண்மை சரிபார்ப்பாளர்கள், 25 ஸ்டான்ஃபோர்டு இளங்கலை மாணவர்கள். சில இணையதளங்களைக் கொடுத்து நம்பகமானதா என்று கேட்டார்கள். பேராசிரியர்களும் மாணவர்களும் அந்தத் தளத்துக்குள்ளேயே மேலிருந்து கீழாகப் படித்தார்கள். வடிவமைப்பு, லோகோ, 'எங்களைப் பற்றி' பக்கம் இவற்றில் மயங்கினார்கள். சரிபார்ப்பாளர்கள் சில நொடிகளிலேயே அந்தத் தளத்தை விட்டு வெளியே வந்து, புதிய டேப்களைத் திறந்து, 'இவங்களைப் பத்தி மத்தவங்க என்ன சொல்றாங்க?' என்று தேடினார்கள். வேகமாகவும் சரியாகவும் முடிவு சொன்னவர்கள் அவர்கள்தான்.

கல்யாணத்துக்கு வரன் பார்க்கும்போது மாப்பிள்ளை வீட்டில் கேட்பதோடு நிறுத்த மாட்டோம் இல்லையா? அக்கம்பக்கத்தில் விசாரிப்போம். அதே வேலைதான் இது.

ஆய்விதழ்களுக்கும் விசாரணை தேவை. பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் ஏராளம். 2018-ல் கொண்டுவந்த 'கேர்' பட்டியலை யுஜிசி 2025 பிப்ரவரியில் கைவிட்டது. எது நல்ல இதழ் என்று முடிவு செய்யும் பொறுப்பு இப்போது கல்வி நிறுவனங்கள் கையில், அதாவது ஓரளவு உங்கள் கையிலும். ஐஎஸ்எஸ்என் எண் இருப்பது தரச்சான்று அல்ல. அது வெறும் அடையாள எண். மூன்றே நாளில் ஏற்றுக்கொள்கிறோம் என்பது, ஆசிரியர் குழுவில் இருப்பதாகச் சொல்லப்படுபவர் தன் பல்கலைக்கழகப் பக்கத்தில் அதைக் குறிப்பிடாதது, வாட்ஸ்அப்பில் கட்டுரை கேட்பது எல்லாம் எச்சரிக்கை மணி.

சாட்ஜிபிடிகிட்ட கேட்டா?

கேட்கலாம். ஆனால் அது தரும் மேற்கோளை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். இல்லாத கட்டுரைக்கு நிஜம் மாதிரியே தலைப்பு, ஆசிரியர், பக்க எண் எல்லாம் உருவாக்கிக் கொடுக்கும் பழக்கம் இந்தக் கருவிகளுக்கு உண்டு. 2023-ல் நியூயார்க்கில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி தந்த இல்லாத தீர்ப்புகளை மனுவில் சேர்த்த வழக்கறிஞர்களுக்கு நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. அனுபவசாலிகளுக்கே அந்தக் கதி.

சரிபார்க்க இரண்டு நிமிடம் போதும். தலைப்பை மேற்கோள் குறிக்குள் போட்டு ஸ்காலரில் தேடுங்கள். டிஓஐ எண் இருந்தால் அதைத் திறந்து, அதே கட்டுரைக்குத்தான் போகிறதா என்று பாருங்கள். கட்டுரையைத் திறந்து, நீங்கள் சொல்லும் கருத்து உண்மையிலேயே அதில் இருக்கிறதா என்று படியுங்கள். கடைசியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஏஐ நல்லா உதவும் இடமும் உண்டு. 'டிராம் பற்றித் தேட வேறு என்னென்ன சொற்கள்?' என்று கேட்பது, கடினமான சுருக்கத்தை எளிமையாக விளக்கச் சொல்வது. தேடலின் தொடக்கத்தில் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள், சாட்சியாக அல்ல.

எத்தனை சதவீதம் வரை 'ஓகே'?

யுஜிசியின் 2018 கருத்துத்திருட்டு விதிகளின்படி, ஒற்றுமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை இருந்தால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குச் சமர்ப்பிக்கத் தடை. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து.

இதைப் பார்த்துவிட்டு, '10 சதவீதம் வரை காப்பி அடிக்கலாம்' என்று புரிந்துகொள்பவர்கள் உண்டு. தவறு. மென்பொருள் எண்ணுவது சொற்களின் ஒற்றுமையை மட்டும். மேற்கோள் காட்டி முறையாக எடுத்தாண்டது வேறு, சொற்களை மாற்றிப் போட்டு இன்னொருவர் கருத்தைத் தன்னுடையதாகக் காட்டுவது வேறு. ஒற்றுமை 2 சதவீதம் இருந்தாலும் இரண்டாவது திருட்டுதான். குறிப்பெடுக்கும் நாளிலேயே யார், எங்கே, எந்தப் பக்கம் என்று எழுதிவைத்தால் இந்தத் தலைவலியே வராது. ஸோட்டெரோ என்ற இலவச மென்பொருள் இந்தக் கணக்கை உங்களுக்காக வைத்துக்கொள்ளும்.

கல்லூரிகள் இதை எப்படிச் சொல்லித் தரணும்?

முதல் வாரச் சுற்றுலா மனதில் நிற்காது. காரணம் எளிது. தேட வேண்டிய தேவை வரும் முன்பே சொல்லித் தருகிறோம். நீச்சல் குளத்தைச் சுற்றிக் காட்டினால் நீச்சல் வராது.

ஒரு செமஸ்டரில் நான்கே வகுப்புகள் போதும். ஆனால் அவை ஏதாவது ஒரு பாடத்தின் அசைன்மென்டோடு சேர்ந்து வர வேண்டும். தலைப்பு கொடுத்த வாரம் கேள்வியைக் கூர்மையாக்கும் வகுப்பு. அடுத்து, சொற்பட்டியல் போட்டு மூன்று தளங்களில் தேடும் வகுப்பு. மூன்றாவது, கிடைத்ததைச் சரிபார்ப்பது. நான்காவது, குறிப்பும் மேற்கோளும். பாட ஆசிரியரும் நூலகரும் சேர்ந்து நடத்தணும். கடைசி விடையோடு தேடிய வழிக்கும் மதிப்பெண் தரணும். என்னென்ன சொற்கள் போட்டாய், எது வரவில்லை, ஏன் இந்த மூலத்தை விட்டாய் என்று ஒரு பக்கம் எழுத வைத்தால், காப்பி அடிப்பதும் ஏஐயில் எடுத்து ஒட்டுவதும் தானாகக் குறையும்.

இதற்கு நிரந்தர நூலகர் வேண்டும். நூலகரின் வேலையைப் புத்தகம் எடுத்துக் கொடுப்பதோடு நிறுத்தாமல், அவரையும் ஆசிரியராக நடத்தும் கல்லூரியில்தான் இது நடக்கும்.

நான் வேலைக்குப் போறேனே, எனக்கு இது எதுக்கு?

பகுதிநேர பிஎச்டிக்கு யுஜிசியின் 2022 விதிகள் இடம் தருகின்றன. வேலை பார்த்துக்கொண்டே சேர நினைப்பவருக்கு முதல் தடையே இந்தத் தேடல்தான். அந்த எண்ணம் இல்லாதவரும் ஒரு மருந்து பற்றி, கடன் திட்டம் பற்றி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்தி பற்றி முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. கல்லூரி லாகின் போய்விட்டாலும் ஷோத்கங்காவும் தேசிய டிஜிட்டல் நூலகமும் திறந்தே இருக்கின்றன. அன்பேவால் என்ற பிரவுசர் இணைப்பு, கட்டணக் கட்டுரைக்குச் சட்டப்படியான இலவசப் பிரதி எங்காவது இருந்தால் காட்டும். அதுவும் இல்லையென்றால், கட்டுரை ஆசிரியருக்கே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். பலர் மகிழ்ச்சியோடு அனுப்பிவைப்பார்கள்.

உங்கள் வீட்டில் தம்பியோ தங்கச்சியோ இந்த ஆண்டு கல்லூரியில் சேர்கிறார்களா? முதல் மாதத்தில் அவர்களை இந்த ஐந்தைச் செய்யச் சொல்லுங்கள்:

1. நூலக அட்டை வாங்குவது, வீட்டிலிருந்து நுழையும் லாகின் இருக்கிறதா என்று கேட்பது.
2. நூலகரிடம் பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்வது.
3. ஓபேக்கில் ஒரு புத்தகத்தைத் தேடி, அழைப்பெண்ணை வைத்துத் தானே போய் எடுத்து வருவது.
4. ஷோத்கங்காவில் தன் துறையில் ஒரு ஆய்வேட்டின் நூற்பட்டியலைப் படிப்பது.
5. நம்பும் ஒரு இணையதளத்தைப் பற்றி, அந்தத் தளத்துக்கு வெளியே பத்து நிமிடம் விசாரிப்பது.

மொத்தமே ஒரு நாள் வேலை. நான்காம் ஆண்டில் ஆய்வேடு எழுத உட்காரும்போது, அந்த ஒரு நாளின் மதிப்பு தெரியும்.